பதினோராவது வரி

எனக்கு எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ஆபீசில் புகார்ச் சீட்டும்தான். ஆட்களின் பெயர் மறந்துபோகிறது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஐதராபாத் கொண்டாப்பூரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டுமாம். மலர்க் குழுவில் இருக்கும் ஹேமா மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டாள். பாங்கில் மேனேஜராக இருந்தவர், ராணுவ ஆராய்ச்சியில் இருந்தவர் எல்லாம் எழுதும்போது நடுவில் நான் எதற்கு என்றேன். "நீங்க மூணு வகைக் கம்ப்யூட்டர்லயும் எடிட்டர் ட்ரபிள் பாத்தீங்களாமே ஆன்ட்டி, நாங்களே அதுக்கு முழிக்கிறோம், அதையே எழுதுங்க" என்றாள். நான் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன்.

எழுத வைத்தது ஹேமா இல்லை. போன மாதம் என் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காபி வைக்கப் போனேன். திரையில் கடைசி வரியின் ஓரத்தில் சின்னதாகச் சிவப்பாக ஒரு குறி. இது என்ன என்று கேட்டேன். அவள் இங்கேயே படித்து வளர்ந்தவள், நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். "ஏம் லேதும்மா. லாஸ்ட் லைன்ல என்டர் லேது. எவரூ பட்டிஞ்சுகோரு" என்றாள். ஒன்றுமில்லை, கடைசி வரியில் என்டர் இல்லை, யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை என்று சொல்கிறாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் காரணம் சொல்லவில்லை. இதில் சொல்கிறேன்.

இதே ஊரில் குஷாய்குடாவில் ஒரு பெரிய ஆலைக்குப் பின்புறத் தெருக்களில் சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர் ஃபிட்டர். ஆள் உயர மின்சாரப் பெட்டிகள் செய்யும் கம்பெனி. அவர் நெஞ்சுவலியில் போனபிறகு, பெண் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டு முதலாளி வேலை கொடுத்தார். பெருக்குவது, மேசை துடைப்பது, டீ கொண்டுபோவது. கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டிலேயே இருந்துகொள்ளவும் விட்டார். அது பெரிய உபகாரம்தான். அந்த உபகாரத்தை நான் எப்படித் திருப்பினேன் என்பது பின்னால் வரும்.

ஒவ்வொரு பெட்டியின் வெளிக்கதவின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவார்கள். பெட்டியை எப்படித் திறப்பது, எதைத் தொடக் கூடாது என்று வரிவரியாக இருக்கும். கதவைத் திறந்தால் தாள் முகத்துக்கு நேராக வரும். அதற்கு உள்ளே இன்னொரு இரும்பு மூடி, அந்த மூடிக்குப் பின்னால்தான் ஆளைக் கொல்லும் சாமான்கள். பெட்டி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் பாஷையில் தாள். ஒருநாள் நான் மேசை துடைக்கும்போது ஒரு தமிழ்த் தாளில் ஒரே வரி இரண்டு தடவை இருந்ததைப் பார்த்துவிட்டு, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தப் பிரிவின் மேலாளர் ரகுநாத் சார் நிமிர்ந்து பார்த்தார். "நீ படிப்பியா தனம்மா?" என்றார். அப்படித்தான் துடைப்பத்திலிருந்து நாற்காலிக்கு வந்தேன். இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மவுஸைப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது.

மூன்று அறை, மூன்று விதமான மெஷின். ஆபீஸ் அறையில் விண்டோஸ், லேப் அறையில் லினக்ஸ், அச்சுக்குத் தயார் செய்யும் ஆர்ட் அறையில் மேக். மூன்றிலும் ஃபைலைத் திறந்து எழுத்தைத் திருத்தும் எடிட்டர் ஒன்றுதான். அதை ஏற்றிக் கொடுத்தவர், எல்லாம் ஒன்றே, எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரே மாமியார் மூன்று மருமகள்களிடம் ஒரே மாதிரியா இருப்பாள்?

லேப் அறையில் செய்த ஃபைலை ஆபீஸ் அறையில் பழைய நோட்பேடில் திறந்தால் எல்லா வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே நீள வரியாக வரும். புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் ஒவ்வொன்றாக வெட்டி வெட்டி என்டர் தட்டுவார்கள். அது கூடாது. மூடிவிட்டு எடிட்டரில் திறந்தால் தானே பிரிந்து நிற்கும். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தால் பயப்படத் தேவையில்லை. எழுத்து பத்திரமாக இருக்கிறது, அந்த மெஷினில் அதைக் காட்டும் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆனால் கேள்விக்குறியாக வந்தால் யாரோ திறந்து சேவ் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எழுத்து போய்விட்டது. அழுதாலும் வராது, பழைய காப்பியைத்தான் தேடவேண்டும். கட்டமாக இருக்கும்போது சேவ் கொடுத்துத்தான் அதைப் பலபேர் கேள்விக்குறி ஆக்கினார்கள். அதனால் நான் எல்லோரிடமும் ஒன்றே சொல்வேன்: ஒன்றும் புரியவில்லையென்றால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட் அறையில் கன்ட்ரோல் பட்டன் வேறு இடத்தில் வேறு பெயரில் இருக்கும். ஆபீஸ் பழக்கத்தில் விரல் அங்கே போய் ஒன்றும் நடக்காது. மெஷின் செத்துவிட்டது என்று ஒருத்தர் சுவிட்சைப் பிடுங்கியதும் உண்டு. அந்த ஒருத்தர் நான்தான்.

ஏதாவது கோளாறு வந்தால் புகார்ச் சீட்டு எழுதவேண்டும். எந்த மெஷின், என்ன செய்தாய், என்ன வந்தது, கீழே கையெழுத்து. அது ரகுநாத் சார் மேசைக்குப் போகும்.

ரகுநாத் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குரல் உயர்த்தி ஒரு நாள் பேசியதில்லை. நான் போய் நின்றால் "உக்காரும்மா" என்பார், உட்காருவதற்குள் பேச்சை முடித்துவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் பச்சை மை பேனா. சீட்டை வாங்கிப் பார்ப்பார், தலையை ஒரு பக்கமாக ஆட்டுவார், அடியில் 'தெரிந்த குறை' என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதி, அதற்கென்று இருந்த ஃபைலில் கோத்துவிடுவார். வேலை முடிந்தது. தெரிந்த குறை என்றால் பட்டியலில் ஏறிவிட்டது என்று பொருள். பட்டியலில் ஏறியதைப் பிறகு யாரும் சரிசெய்ததில்லை. தெரியாத குறைக்கு ஆள் தேடுவார்கள். தெரிந்த குறைக்கு எதற்குத் தேடவேண்டும்?

அவர் சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ்தான். வெளியே தெலுங்கு, உருது, இங்கிலீஷ் எல்லாம் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, வீட்டிலும் யாரும் சொல்லித்தரவில்லை. இந்த ஊரில் அப்படி எத்தனையோ பேர், அதில் ஒரு அவமானமும் இல்லை. அவர்தான் அதை மறைத்தார். தமிழ்த் தாளைக் கொண்டுபோனால், "கண்ணாடி எடுத்துட்டு வரல தனம்மா, நீயே படி" என்பார். கண்ணாடி மூக்கில் இருக்கும். நான் படிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். நான்கு வருஷம் இப்படிப் போனது. கம்பெனியில் மற்ற எல்லோரும் தெலுங்குக்காரர்கள், சார் தமிழர் என்பதால் அவர் பார்த்துவிட்டார் என்றால் பார்த்த மாதிரிதான் என்று இருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கடைசி வரி விஷயம்.

மற்ற பாஷைத் தாளெல்லாம் லேப் அறையிலேயே டைப் செய்வார்கள். தமிழ் மட்டும் சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் மெயிலில் அனுப்புவார், அது ஆபீஸ் மெஷினில் வந்து இறங்கும். அங்கிருந்து லேப் மெஷினுக்குப் போகும். லேப் மெஷினில் ஒரு சின்ன ப்ரோகிராம் இருந்தது. ஃபைலிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து அழகாகக் கட்டத்துக்குள் அடுக்கி, கடைசியில் அடியில் ஒரு கோடு போட்டுக் கொடுக்கும். வரி எங்கே முடிகிறது என்று அது என்டரை வைத்துத்தான் கண்டுபிடிக்கும்.

ஒரு தடவை ஒரு தாளில் கடைசி வரி வரவில்லை. மூலத்தோடு வைத்துப் படித்ததில் கண்டுபிடித்தேன். ஃபைலைத் திறந்தால் வரி இருக்கிறது. அச்சில் இல்லை. மறுபடி லேப் அறையில் எடிட்டரில் திறந்து, ஒன்றும் மாற்றாமல் சேவ் மட்டும் கொடுத்து ஓட்டினேன். வரி வந்துவிட்டது. ஆபீசிலிருந்து நேராக அனுப்பினால் திரும்பவும் காணோம். இரண்டு நாள் அதே நினைப்பு. சோறு வடிக்கும்போதும் அதே. மூன்றாம் நாள் இரண்டு அறையிலும் அதே ஃபைலைத் திறந்து, ஃபைலின் கடைசிக்குப் போகும் பட்டனைத் தட்டி, கர்சர், அதாவது மின்னும் சின்னக் குச்சி, எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். ஆபீசில் கடைசி எழுத்தை ஒட்டி நின்றது. லேபில் சேவ் கொடுத்த பிறகு அதற்குக் கீழே வெறும் வரியில் நின்றது. லேப் எடிட்டர் சேவ் கொடுக்கும்போது கடைசியில் தானே ஒரு என்டர் போட்டுக்கொள்கிறது. ஆபீஸ் எடிட்டர் போடுவதில்லை. என்டர் இல்லாத கடைசி வரியை ப்ரோகிராம் வரியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கோடு போட்டுவிடுகிறது.

என் வாழ்நாளில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். சீட்டு எழுதிக் கொண்டுபோனேன். சார் என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அந்த ப்ரோகிராமை வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியவர் அவர்தான். பச்சை மையில் இரண்டு வார்த்தை எழுதினார். "ஒரு என்டர் தட்டிட்டா சரியாயிடுது, ஹவ்? தட்டிடு" என்றார். ஹவ் என்றால் இந்த ஊர் உருதுவில் ஆமாம். நான் தட்டினேன். ஒவ்வொரு தமிழ் ஃபைலையும் திறப்பேன், கடைசிக்குப் போவேன், கர்சர் எழுத்தை ஒட்டி நின்றால் ஒரு என்டர், சேவ். அச்சுத்தாள் வந்ததும் வரியை எண்ணுவேன். அடுத்த வருஷம் இன்னொரு சீட்டு போட்டேன். நான் லீவில் போனால் யார் தட்டுவார்கள் என்று அதில் எழுதினேன். அதற்கும் அதே இரண்டு வார்த்தை.

பிறகு தரம் பார்க்கும் ஆட்கள் வெளியிலிருந்து வரப்போகிறார்கள் என்று கம்பெனி அமளிப்பட்டது. ஒவ்வொரு வேலையையும் யார் செய்கிறார், அவர் படிப்பு என்ன என்று எழுதி வைக்கவேண்டும். தமிழ்த் தாளைச் சரிபார்ப்பவர் என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதமுடியுமா? ரகுநாத் சார் தன் பெயரை எழுதிக்கொண்டார். புதிய ஒழுங்கு வந்தது: சென்னையிலிருந்து வரும் ஃபைலில் நடுவில் யாரும் கைவைக்கக் கூடாது, வந்தபடியே லேபுக்குப் போகவேண்டும், சார் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். எனக்குப் பழையபடி ஃபைல் அடுக்குவதும் டீயும்.

அவர் மேசைக்குப் போய் நின்றேன். அன்றைக்கு உட்காரச் சொல்லவில்லை.

"சார், அந்த என்டர்..." என்றேன்.

"ப்ரொசீஜர்ல இல்லாதத நாம செய்யக் கூடாதும்மா. நக்கோ, விட்டுடு. வேணும்னா சீட்டு போட்டுடு."

மூன்றாவது சீட்டு போட்டேன். நடுவில் யாரும் திறக்காமல் போனால் கடைசி வரி விழுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பச்சை மை.

அதற்கப்புறம் முதலில் வந்த தமிழ் ஆர்டர் இருபத்துநாலு பெட்டி. பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு. இரண்டு மட்டும் இங்கேயே பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு, அங்கே மின்வேலை காண்ட்ராக்டில் இருந்த ஆட்கள் தமிழர்கள் என்பதால். தாள் பதினோரு வரி. பத்தாவது வரி, மெயின் சுவிட்சை நிறுத்தவும். பதினோராவது, நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் கழித்தே உள்மூடியைத் திறக்கவும். சுவிட்சை நிறுத்தினாலும் உள்ளே சில சாமான்களில் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அதற்குத்தான் அந்த ஐந்து நிமிடம்.

பெட்டிகள் லாரி ஏறும் நாள் காலையில் நான் கொட்டகை வழியாகப் போனேன். கதவெல்லாம் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தாள் தெரிந்தது. போய் எண்ணிப் பார்க்கலாம் என்று நின்றேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆண்கள் கூட்டத்துக்குள் போவது எப்போதுமே கூச்சம். டீ ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மூன்று மாதம் இருக்கும். பட்டான்செருவிலிருந்து போன் வந்தது. பெட்டியைத் திறந்த ஆளுக்குக் கை வெந்துவிட்டது. ரகுநாத் சார் பார்க்கக் கிளம்பினார். ஆஸ்பத்திரியில் அந்த ஆளின் மனைவி இருக்கிறாள், கூட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

அவன் பெயர் ஏழுமலை. விழுப்புரம் பக்கம். முப்பது வயதிருக்கும். வலது கை முழங்கை வரை கட்டு. விரல் இரண்டு எடுத்துவிட்டார்கள், மற்றதையும் நம்பச் சொல்லவில்லை. சார் சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, எப்படி ஆச்சு தம்பி, அவசரப்பட்டுட்டியா என்று கேட்டார்.

"அவசரம்லாம் இல்ல சார். புதுப் பொட்டின்னா தாளப் படிக்காம தொடக் கூடாதுன்னு எங்க மேஸ்திரி அடிப்பாரு. எனக்குப் படிப்பு கம்மி. வெரல வச்சிதான் படிப்பேன். மொத வரிலேந்து படிச்சேன். மெயின நிறுத்துன்னு இருந்திச்சி. நிறுத்தினேன். அதுக்குக் கீழ கோடு. கோட்டுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல சார். அப்பறந்தான் மூடியில கைய வச்சேன்."

சார் ஜன்னலைப் பார்த்தார். அவன் மனைவி என் பக்கம் நகர்ந்துவந்து மெதுவாகக் கேட்டாள், "நீங்க எந்தக் கம்பெனிம்மா?" நான் பெட்டி செஞ்ச கம்பெனி என்று சொன்னேனா, சொல்லவில்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் எனக்கு ஒரு சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் எழுதி ஒட்டிய தாளை ஒரு வரி விடாமல் படித்த ஆள் என்று எனக்குத் தெரிந்து அவன் ஒருத்தன்தான்.

திரும்பி வரும்போது காரில் சார் கேட்டார். "ஃபைல்ல எத்தன லைன் தனம்மா?"

"பதினொண்ணு சார்."

"ஹவ். அதச் சொன்னா போதும்."

"தாள்ல பத்துதான் சார் வந்திருக்கும்."

"தாள் எங்க இருக்கு? அந்தக் கதவோட எரிஞ்சுபோச்சு. இல்லாத தாளப் பத்தி கைக்கு, எதுக்குப் பேசணும்?" குரல் மாறவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, என் மகள் எந்த வருஷம் படிக்கிறாள் என்று விசாரித்தார். இரண்டாம் வருஷம் என்றேன். நல்லாப் படிக்கட்டும் என்றார்.

பட்டான்செருவில் இன்னொரு பெட்டி இருந்ததே, அதைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் நினைத்தேன். விசாரணைக்கு முந்தின நாள் அதன் கதவை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள், பூட்டில் கோளாறு என்று.

எங்கள் கம்பெனியிலேயே விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்து நாற்காலியில் ரகுநாத் சார். எங்கள் ஆள் ஒருவர், காண்ட்ராக்டர் ஒருவர், மருந்துக் கம்பெனியிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெரியவர். கேள்வி ஒன்றே ஒன்றுதான். எச்சரிக்கை எழுதியிருந்ததா இல்லையா. எழுதியிருந்தால் ஏழுமலை தன் தப்பால் கையைக் கெடுத்துக்கொண்டான், வேலையை விட்டு அனுப்பிவிடலாம். எழுதியிருக்கவில்லையென்றால் தப்பு எங்களுடையது. தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆபீஸ் மெஷினில் சென்னையிலிருந்து வந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தார்கள். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். எண்ணச் சொன்னார்கள். பதினொன்று. கர்சர் கடைசி எழுத்தை ஒட்டி நின்று மின்னிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அது என்ன என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள தமிழ் ஃபைலில் பதினோரு வரிகளும் உள்ளன, நானே படித்துப் பார்த்தேன் என்று இருந்தது. பேனாவை எடுத்தேன். நரைத்த தலைப் பெரியவர் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "இன்கேமைனா செப்பாலா அம்மா?" என்று கேட்டார். இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்கிறார். நிதானமாகக் கேட்டார், பதில் வரும் என்று காத்திருந்தார்.  மகளின் படிப்பு, அந்த ஒற்றை அறை, அதெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். நினைத்தேன்தான். ஆனால் அதைவிட, நான்கு ஆண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது.

"ஏம் லேது சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் காகிதத்தில் இருந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. எத்தனையோ தடவை மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டேன். ஃபைலில் பதினோரு வரி இருந்தது. நான் படித்தேன். எல்லாம் உண்மை.

ஏழுமலையை அந்த மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டிரைவர் சொல்லித் தெரியும். தாளில் எழுதியிருந்தும் படிக்காமல் திறந்தான் என்று சொல்லி அனுப்பினார்களாம். படிக்காமல் என்று.

ஒரு வாரம் கழித்துச் சாரிடம் போனேன். அவன் விஷயம் முடிந்துவிட்டது, மற்ற இருபத்திரண்டு பெட்டிக்காவது புதுத் தாள் அனுப்பிவிடலாம் சார் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"புதுத் தாள் அனுப்பினா பழைய தாள் தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அப்ப அன்னிக்கு நீ போட்ட கையெழுத்து என்னாகும்? யோசிச்சுக்கோ."

என் கையெழுத்தைத்தான் சொன்னார். தன்னுடையதைச் சொல்லவில்லை. நான்காவது சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஃபைலில் கோத்திருந்தது, பச்சை மையோடு.

அதற்கப்புறம் ஏழு வருஷம் அங்கேதான் இருந்தேன். தமிழ் ஃபைல் வந்தால், மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஆபீஸ் மெஷினைத் திறப்பேன். கடைசிக்குப் போவேன். ஒரு என்டர். சேவ். மூடுவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, கைவைக்கக் கூடாது என்ற ஒழுங்கு அப்படியே இருந்தது. பிடிபட்டிருந்தால் அதற்கு மெமோ கொடுத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற அன்று ரகுநாத் சார் சால்வை போர்த்தி, இந்த அம்மா இருந்தவரைக்கும் தமிழ்த் தாளைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை என்று பேசினார். கை தட்டினார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலையை ஆட்டி மறுத்தேன். பாவம், கூச்ச சுபாவம் என்றார்கள். அந்தக் கூச்சத்தின் மீது எனக்கு இருக்கும் வெறுப்பு அவர் மீதுகூட இல்லை.

ஹேமா இதை மலரில் போடுவாளோ மாட்டாளோ. போட்டால் எனக்கு ஒரு உதவி செய்யவேண்டும். என் ஞாபகம் நம்பக்கூடியது இல்லை. இருபத்துநாலு பெட்டி என்பது இருபத்தாறாக இருக்கலாம். ஆண்டைக் கேட்டால் சொல்லத் தெரியாது. திருப்பூருக்கு எத்தனை, ஓசூருக்கு எத்தனை, கோயம்புத்தூருக்குப் போனதா என்றும் நிச்சயமில்லை. உங்கள் வீட்டு ஆட்கள், தம்பி, மச்சான் யாராவது அந்தப் பக்கத்து ஆலைகளில் இருந்தால் சரிபார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் பெட்டி, ஆள் உயரம், ஐதராபாத்திலிருந்து வந்தது, கதவின் உள்பக்கம் தமிழ்த் தாள். வெளிக்கதவை மட்டும் திறக்கட்டும், உள்மூடியைத் தொடவேண்டாம். தாளில் வரிகளை எண்ணட்டும். பதினொன்று இருந்தால் நான் சொன்னது தப்பு, கிழவி உளறினாள் என்று எனக்கு எழுதுங்கள், சந்தோஷப்படுவேன். 'மெயின் சுவிட்சை நிறுத்தவும்' என்பதற்குக் கீழே வெறும் கோடு மட்டும் இருந்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே அழியாத மையில் கையால் எழுதிவிடச் சொல்லுங்கள்: நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் கழித்தே உள்மூடியைத் திறக்கவும்.